தண்ணீர் அரைத்த மாவு

'யந்திரம்' என்று இன்று யாராவது சொன்னால் நமக்கு ரயில் எஞ்சினும் ஆகாய விமானமும் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் 'ஏந்திரம்' என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். தாழ்வாரத்து மூலையில் கிடக்கும் இரண்டு வட்டக் கற்கள். மேல்கல்லில் செருகிய ஒரு மர முளை. அந்த முளையைப் பிடித்துச் சுற்றுவதற்கு ஒரு ஸ்திரீ. தென்பாண்டிச் சீமையில் இதையே திருகை என்றார்கள். பெயர் எதுவானாலும் தோள்வலி ஒன்றுதான். கல்லுக்கு யந்திரம் என்ற கௌரவமான பட்டத்தைச் சூட்டிய நம் பெரியவர்கள், அதைச் சுற்றிய கைக்கு ஒரு பட்டமும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மனித சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யுத்தங்களையும் முடிசூட்டு விழாக்களையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வீட்டிலும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் யாரோ ஒருத்தி தானியத்தை மாவாக்கியாக வேண்டியிருந்ததே, அதைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. அரிசி தின்னும் நமக்காவது உரலும் உலக்கையும் போதும். மாவரைப்பது இட்லிக்கும் பணியாரத்துக்கும் விசேஷ நாட்களுக்கும் உரிய காரியம். ரொட்டி தின்னும் ஜனங்களுக்கு அப்படி இல்லை. மாவு இல்லையென்றால் சாப்பாடே இல்லை. ஆகையால் இந்தச் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத்தான் முதலில் உதித்தது. முதலில் அடிமைகள் தலையில் ஏற்றினார்கள். பிறகு கழுதைகள் தலையில். கடைசியில், சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால், ஓடுகிற தண்ணீரின் தலையில்.

கருங்கடல் ஓரத்தில் பொந்து என்ற ராஜ்யத்தை ஆண்ட மித்ரிதாத்திஸ் மன்னனுடைய கபீரா அரண்மனையில் ஒரு நீர்த்திரிகை இருந்ததாக ஸ்திராபோ என்ற பூகோள ஆசிரியர் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஊர் ரோமானியர் கையில் விழுந்த சண்டைகளெல்லாம் கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தில், தெஸலோனிக்காவைச் சேர்ந்த ஆந்திபாத்தர் என்ற கிரேக்கக் கவி இந்தப் புதுமையைக் கண்டு குதூகலித்துப் பாடியிருக்கிறார். மாவரைக்கும் பெண்கள் இனிமேல் கோழி கூவிய பிறகும் தூங்கலாம், அவர்களுடைய வேலையை நீர்த் தேவதைகள் ஏற்றுக்கொண்டு விட்டார்கள் என்பது அந்தச் சிறு பாட்டின் கருத்து. எத்தனையோ ஆயிரம் கவிகள் பெண்களின் கண்ணைப் பற்றியும் இடையைப் பற்றியும் பாடியிருக்கிறார்கள். பெண்களின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட கவி என்ற முறையில் ஆந்திபாத்தருக்கு நான் தனியாக ஒரு நமஸ்காரம் செலுத்தி விடுகிறேன்.

நீர்த்திரிகையில் இரண்டு ஜாதி உண்டு. வண்டிச் சக்கரம் போலச் செங்குத்தாக நிற்கும் சக்கரம் ஒன்று. ரோமாபுரிச் சிற்பி விட்ருவியஸ் வர்ணித்தது இதைத்தான். ஐரோப்பியச் சித்திரங்களில் நாம் பார்ப்பதும் இதுவே. சக்கரம் நிமிர்ந்து சுற்ற, கல்லோ படுத்துச் சுற்ற வேண்டியிருப்பதால், நடுவே பல்சக்கரங்கள் வைத்துத் திசையை மாற்றியாக வேண்டும். இன்னொரு ஜாதியில் இந்தத் தொல்லையே இல்லை. குயவன் சக்கரம் போலச் சக்கரமே படுத்துக் கிடக்கிறது. அதன் நடுவிலிருந்து ஓர் அச்சு நேரே மேலே போய்க் கல்லைச் சுற்றுகிறது. சக்கரம் ஒரு சுற்று, கல்லும் ஒரு சுற்று. பல்லும் இல்லை, பட்டையும் இல்லை. ஊர்த் தச்சனும் கொல்லனும் சேர்ந்தால் செய்துவிடக் கூடிய சமாசாரம். கொஞ்சம் தண்ணீரும் நிறையச் சரிவும் உள்ள மலைநாடுகளுக்கென்றே ஏற்பட்டது போல் அமைந்தது இது. அயர்லாந்தில் கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்படிப்பட்ட திரிகைகளைப் பூமியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஸ்காத்லாந்துத் தீவுகளிலும், பால்கன் மலைகளிலும், ஆப்கானிஸ்தானத்திலும் இதே குடும்பம்தான். சீனாவில் கி.பி. 31-இல் தூ ஷீ என்ற அதிகாரி நீரின் வேகத்தால் இரும்பு உலைக்குத் துருத்தி ஊத ஏற்பாடு செய்ததாக அந்நாட்டுச் சரித்திரம் சொல்கிறது. ஆக, இந்த வித்தையை முதலில் கண்டுபிடித்தது மேற்கா, கிழக்கா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடிக் கொண்டிருக்கலாம். நமக்கு அவசரம் இல்லை.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது? இதற்கு ஒரு ரஸமான கதை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் கெத்ரேனோஸ் என்ற பைஸாந்தியச் சரித்திரக்காரர் எழுதி வைத்தது. கான்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியின் காலத்தில், அதாவது கி.பி. 4-ஆம் நூற்றாண்டில், மெத்ரோதோரஸ் என்ற ஆசாமி தத்துவஞானி வேஷத்தில் இந்தியாவுக்கு வந்தானாம். இங்கே அதுவரை யாரும் அறியாத நீர்த்திரிகைகளையும் ஸ்நான மண்டபங்களையும் கட்டிக் கொடுத்தானாம். அதனால் பிராமணர்களின் நன்மதிப்பைப் பெற்று, சந்நிதிக்குள்ளேயே போய்வரும் உரிமையை அடைந்தானாம். அடைந்த பிறகு அங்கிருந்த ரத்தினங்களையும் முத்துக்களையும் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தானாம்! யந்திரத்தைக் கொடுத்து இரத்தினத்தை வாங்கிப் போகும் வியாபாரம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஆரம்பமானது என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இமயமலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் ஓடைதோறும் இந்தத் திரிகை வேரூன்றிவிட்டது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

கார்வாலிலும் குமாவோனிலும் இமாசலத்திலும் இதன் பெயர் கராட். நேபாளத்தில் கட்டா. வடமொழியில் 'கரட்ட' என்றால் அரைக்கும் கல். அந்தச் சொல்லின் பேரன் பேத்திகள்தான் இவை. லடாக்கில் மட்டும் குலம் வேறு. அங்கே ரந்தாக் என்பார்கள். அங்கே வறுத்த பார்லியை ரந்தாக்கில் அரைத்துத்தான் அந்தக் குளிர் தேசத்து ஜனங்கள் வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். திபெத்திய பௌத்தர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாவரைக்கும் தண்ணீர் மந்திரமும் சொல்லட்டுமே என்று ஓடையில் ஜபச் சக்கரத்தையே பொருத்திவிட்டார்கள். நம் ஊரில் மாவு மில் ஓடும் சத்தத்தில் ஸகஸ்ரநாமம் காதில் விழுவதில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு இந்த யோசனை உபயோகப்படலாம்.

சில வருஷங்களுக்கு முன் பத்ரிநாதர் தரிசனத்துக்காக நாங்கள் சிலர் போய்க்கொண்டிருந்தபோது, சமோலிக்கு அப்பால் ஒரு வளைவில் பாறை சரிந்து சாலை அடைபட்டிருந்தது. மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். மற்றவர்கள் பஸ்ஸிலேயே அமர்ந்து சர்க்காரை வைது பொழுது போக்கினார்கள். எனக்குக் கீழே அளகநந்தாவில் வந்து விழும் ஒரு சிற்றோடையின் கரையில் கற்குடில் ஒன்று தென்பட்டது. அதன் உள்ளிருந்து வண்டு முரல்வது போல ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. டிரைவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன்.

குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. காய்ந்த கல்லை அடுக்கிய சுவர், மேலே கற்பலகைக் கூரை. உள்ளே எங்கும் மாவு. சுவரில் மாவு, சிலந்திக் கூட்டில் மாவு, அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளின் புருவத்தில் மாவு. நடுவில் இரண்டு கற்கள். அடிக்கல் அசையாமல் கிடக்க, மேல்கல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, வாய் அகன்று அடி குறுகிய ஒரு கூடை உத்தரத்திலிருந்து தொங்கியது. அதில்தான் தானியம். கூடையின் அடியில் ஒரு சிறு தூம்பு; அந்தத் தூம்போடு கட்டிய ஒரு மரக் குச்சி, சுழலும் கல்லின் முதுகில் தட்டித் தட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. குச்சி துள்ளும்போதெல்லாம் தூம்பு நடுங்குகிறது. தூம்பு நடுங்கும்போதெல்லாம் நாலு மணி தானியம் கல்லின் குழியில் விழுகிறது. தண்ணீர் வேகமாக வந்தால் கல் வேகமாகச் சுற்றும், குச்சி வேகமாகத் துள்ளும், தானியமும் அதிகமாக விழும். தண்ணீர் குறைந்தால் எல்லாம் குறையும். ஆள் நின்று அளந்து போட வேண்டிய அவசியமே இல்லை. குமாவோனில் இந்தக் குச்சிக்குப் பறவை என்றே பெயர். கொத்திக் கொத்தித் தின்னும் சிட்டுக்குருவியை நினைத்து யாரோ ஒரு ரஸிகன் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

வெளியே வந்து குடிலின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஓடையில் மேலே எங்கோ நாலு பாறைகளைப் புரட்டிப் போட்டுத் தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். கூல் என்று இதற்குப் பெயர். அந்த வாய்க்கால் குடிலுக்கு மேலே வந்து நின்று, ஒரே மரத்தைக் குடைந்து செய்த தாரையின் வழியாகச் செங்குத்தாகப் பாய்ந்து, சக்கரத்தின் மர இலைகளின் மேல் மோதுகிறது. அச்சின் அடிமுனை நிற்பது ஒரு பலகையின் மேல். அந்தப் பலகையை உள்ளேயிருந்தே ஒரு கழியால் இம்மி உயர்த்தலாம், இம்மி தாழ்த்தலாம். உயர்த்தினால் மாவு நொய்யாகும், தாழ்த்தினால் நைஸாகும். நிறுத்த வேண்டுமானால் தாரையின் வாயில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துத் தண்ணீரை வேறு பக்கம் தள்ளிவிட வேண்டியது. இவ்வளவுதான் மொத்த யந்திர சாஸ்திரமும். இதன் பலம் ஒரு குதிரை சக்திகூட இராது. மணிக்கு 10 கிலோ, 15 கிலோ அரைத்தால் அதிகம். ஆனால் கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறுவதில்லை. ருசியும் மணமும் கெடுவதில்லை. கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அதன் நிறத்தைப் பார்த்ததும் ஆச்சரியமாகப் போய்விட்டது. சாக்ஷாத் நம் கேழ்வரகு! மண்டுவா என்கிறார்கள். தர்மபுரியிலும் சேலத்திலும் களி கிண்டுகிற அதே தானியம், பனிமலையின் அடியில் ரொட்டியாகிறது.

அந்த அம்மாளுக்கு நான் கேழ்வரகைக் கண்டு பரவசப்பட்டது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எந்த ஊர் என்று டிரைவர் மூலம் விசாரித்தாள். மதராஸ் என்றதும், "அங்கே மாவு எப்படி அரைக்கிறார்கள், பாபுஜி? ஓடை இல்லையா?" என்று கேட்டாள்.

"ஓடை இருக்கிறது, அம்மா. சரிவுதான் இல்லை" என்றேன்.

இது முழு உண்மை என்று சொல்ல முடியாது. பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தைப் பிடித்து 1880-களில் ஹார்வி துரைமார் நூல் நூற்க வைத்தார்கள். ஆனால் அது கம்பெனியின் தண்ணீர், கம்பெனியின் நூல். ஊர்க்காரர்களின் கேழ்வரகை அது அரைத்துக் கொடுக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டது வேறு விஷயம்.

அரைவைக்குக் கூலி என்ன என்று கேட்டேன். காசு வாங்கும் வழக்கம் பழைய நாளில் இல்லை. அரைத்த மாவில் ஒரு பங்கு திரிகைக்காரருக்கு, அவ்வளவுதான். இந்தப் பங்கைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கையில் ஒரு செப்புக் காசு இல்லாதவளும் மாவோடு வீடு திரும்பலாம். விளைச்சல் நன்றாக இருந்தால் திரிகைக்காரருக்கும் நிறையக் கிடைக்கும். ஊர் பட்டினி கிடந்தால் அவரும் கிடக்க வேண்டியதுதான். ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் அதே கதி. வயலில் நாற்று நடுகிற சமயத்தில் கூலின் தண்ணீரெல்லாம் வயலுக்கே போகும். அப்போது கல் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். மற்ற சமயங்களில் திரிகை தண்ணீரைக் குடிப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே மறுபடியும் வாய்க்காலில் விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீரே இன்னும் கொஞ்சம் கீழே போய் அடுத்த திரிகையைச் சுற்றும், அதற்கும் கீழே போய் வயலில் பாயும். ஒரே கூலில் மூன்று நான்கு திரிகைகள் படி வைத்தாற்போல் இறங்கி வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இதை ஐரோப்பாவோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் விளங்கும். அங்கே மத்திய காலத்தில் நீர்த்திரிகை பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தம். இங்கிலாந்தில் 1086-இல் வில்லியம் அரசன் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் ஐயாயிரத்துக்கும் அதிகமான திரிகைகள் பதிவாயின. அரசாங்கம் அவற்றை எண்ணியது ரொட்டியின் மேலுள்ள ஆசையினால் அல்ல, வருமானத்துக்காக. குடிகள் தங்கள் தானியத்தைப் பிரபுவின் திரிகையில்தான் அரைக்க வேண்டும். வீட்டில் கைத்திருகை வைத்திருப்பதே குற்றம். லண்டனுக்கு வடக்கே ஸெயிண்ட் ஆல்பன்ஸ் மடத்தின் அதிபதியாக இருந்த ரிச்சர்ட் என்பவர் சாமானியர் அல்ல. கொல்லன் மகனாகப் பிறந்து, வானசாஸ்திரத்தில் கரைகண்டு, கோள்களின் போக்கைக் காட்டும் அதிசயக் கடிகாரத்தை அமைத்தவர். அப்பேர்ப்பட்ட மேதாவி 1331-இல் என்ன செய்தார்? ஊரார் வீடுகளில் புகுந்து கைத்திருகைக் கற்களையெல்லாம் பறித்து வரச் செய்து, மடத்தின் கூடத்துக்குத் தளவரிசையாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருஷம் ஊரார் அந்தக் கற்களை மறக்கவில்லை. 1381-இல் குடியானவர் கலகம் மூண்டபோது மடத்துக்குள் நுழைந்து, தளத்தைப் பெயர்த்து, கற்களை உடைத்து, கோவில் பிரசாதம் போல ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். கலகம் பின்னால் அடக்கப்பட்டது. ஆனால் அந்தத் துண்டுக் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போனவன் மனத்தில் என்ன இருந்தது என்று எழுத எந்த நாவலாசிரியனுக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

இமயமலையில் திரிகை பெரும்பாலும் கிராமத்துச் சொத்தாகவோ, ஏழைக் குடும்பம் ஒன்றின் பிழைப்பாகவோ இருந்தது. பறித்துக்கொண்டு போக அதில் அதிகம் இல்லை. ஆகையால்தான் அது ஊரின் பேச்சுக் கூடமாகவும் ஆகிவிட்டது. முதுகில் மூட்டையோடு மலைப்பாதையில் இறங்கி வந்தவள் தன் முறை வரும்வரையில் காத்திருக்க வேண்டும். கூட்டம் அதிகமானால் இரவும் அங்கேதான். மாமியாரைப் பற்றிய புகாரும், மாட்டுக்கு மருந்தும், அடுத்த ஊர் வரன் விசேஷமும் அந்தக் கல்லைச் சுற்றித்தான் கைமாறின. இரவில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே தனியாக நிற்கும் குடிலைப் பற்றிப் பேய்க் கதைகளுக்கும் பஞ்சம் இல்லை.

இந்தக் குடிலை இலக்கியத்தில் அழியாமல் நிலைநிறுத்தியவர் ஹிந்தி எழுத்தாளர் சேகர் ஜோஷி. அல்மோரா ஜில்லாக்காரர், 2022-இல் காலமானார். 1950-களில் அவர் எழுதிய 'கோஸி கா கட்வார்' என்ற சிறுகதையைப் படிக்காதவர்கள் ஒரு நல்ல அநுபவத்தை இழந்தவர்கள் என்றே சொல்வேன். கட்வார் என்றால் திரிகைக்காரன். பீகாரின் வெள்ளக் கோஸி அல்ல, குமாவோனின் சின்னக் கோஸி நதி. குஸாயின் என்ற அந்த மனிதன் பட்டாளத்திலிருந்து திரும்பியவன். வாலிபத்தில் லச்மா என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தான். முன்னும் பின்னும் உறவில்லாத, பரதேசத்தில் துப்பாக்கி முனையில் உயிரை வைத்திருப்பவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதாவது என்று அவள் தகப்பன் மறுத்துவிட்டான். எத்தனையோ வருஷம் கழித்து, ஓடை வற்றிய வெயில் காலத்தில், அவனுடைய திரிகைக்கு மூட்டையோடு வருகிறாள் லச்மா, விதவையாக, ஒரு சிறுவனின் தாயாக. அவன் பணம் கொடுக்க முன்வருகிறான். அவள் வாங்க மறுக்கிறாள். அவள் அறியாமல், தன் பங்கு மாவை அவளுடைய மாவில் கலந்துவிடுகிறான் அவன்.

கதையில் அழுகை இல்லை, வசனம் இல்லை. திரிகைக்காரன் ஊராரிடம் வாங்குகிற ஒரு பங்கு எப்போதாவது இப்படித் திரும்பியும் போகலாம் என்பதை ஆசிரியர் சொல்லாமல் சொல்லிவிட்டார். அந்த மலைநாட்டின் முழுச் சரித்திரமும் அதில் இருக்கிறது. 1887-இல் கார்வால் ரைபிள்ஸ் படை ஏற்பட்டதிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குகளின் வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போவதும், மணியார்டர் வருவதும், சில சமயம் மணியார்டருக்குப் பதிலாக வேறு செய்தி வருவதுமாகத்தான் வாழ்க்கை நடந்தது. ஊரில் மிஞ்சியவர்கள் பெண்கள். உழவும் விறகும் புல்லும் தண்ணீரும் அவர்கள் தலையில். அந்தத் தலைச்சுமையில் ஒரே ஒரு சுமையைத்தான் இன்னொருவர் வாங்கிக்கொண்டார். அது ஓடை.

ஓடை யாருடையது? இந்தக் கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை. எந்த ஊருக்கு எவ்வளவு, எந்தத் திரிகை எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில் இருந்த சட்டம். வெள்ளைக்காரச் சர்க்கார் 1917-இல் 'குமாவோன் நீர் விதிகள்' என்று ஒன்றைப் பிறப்பித்துத் தண்ணீரின் மேல் தன் உரிமையை எழுத்தில் வைத்தது. 1930-இல் அதைத் திருத்தி வெளியிட்டது. சுதந்திரம் வந்த பிறகு வழக்கம் திரும்பியதா என்றால் அதுவும் இல்லை. 1975-இல் உத்தரப் பிரதேசச் சர்க்கார் இயற்றிய குமாவோன்-கார்வால் நீர்ச் சட்டம், தனிமனிதருக்கும் கிராமத்துக்கும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்குரிமைகளை ரத்து செய்து, நீரை ராஜ்யத்தின் உடைமை ஆக்கியது. 2000-ஆம் வருஷம் நவம்பரில் உத்தராகண்டம் தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது இந்தச் சட்டமும் சீதனத்தோடு வந்து சேர்ந்தது. ஸெயிண்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி கற்களைத்தான் எடுத்துக்கொண்டார். இங்கே கற்களை யாரும் தொடவில்லை. அவற்றைச் சுற்றிய தண்ணீரின் பட்டா மட்டும் பெயர் மாறிவிட்டது. அது வெறும் காகித விஷயம் அல்ல என்பது, சிறு ஆறுகளைச் சுரங்கத்தில் திருப்பி மின்சாரம் எடுக்க வந்தபோது ஜனங்களுக்குத் தெரிந்தது. பிலங்கனா பள்ளத்தாக்கில் 2000-களின் நடுவில் கிராமத்துப் பெண்கள் முன்னின்று எதிர்த்தார்கள். எங்கள் கூல் வற்றினால் வயலும் போகும், திரிகையும் போகும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவது நியாயம் ஆகாது. 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு மலைக்குள் சாலைகள் ஏறின. சாலையோடு லாரி ஏறியது. லாரியில் டீஸல் எஞ்சின் வந்தது, பிறகு மின்கம்பமும் வந்தது. கடைத்தெரு மில்லில் அரை மணியில் அரைத்துக் கொடுத்து விடுகிறான். மாவு சுடுகிறதே என்றால், ஆறவைத்துக் கொள்ளலாமே! ராத்திரி முழுதும் பள்ளத்தில் காத்துக் கிடக்க வேண்டாம், மூட்டையைச் சுமந்து மலையேற வேண்டாம். பழமையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் சுமை தூக்கினவர்கள் அல்ல. மருமகளாக அந்த மலையில் வாழ்க்கைப்பட்டிருந்தால் நானும் டீஸல் மில்லுக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். அப்புறம் ரேஷன் கடையில் கோதுமை வந்தது, மண்டுவா விதைப்பது குறைந்தது. அதற்கும் அப்புறம், அரைத்துத் தின்ன ஆளே குறைந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி உத்தராகண்டத்தில் ஒரு குடிகூட இல்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கு மேல். பூட்டிய வீடுகளின் ஊரில் திரிகை யாருக்காகச் சுற்றும்? எஞ்சியிருந்தவற்றில் ஒரு பகுதியை 2013 ஜூனில் கேதாரநாதத்துக்கு மேலேயிருந்து இறங்கி வந்த வெள்ளம் மந்தாகினிக் கரையோடு வாரிக்கொண்டு போயிற்று. ஓடையின் மடியிலேயே குடியிருப்பவனுக்கு ஓடை பொங்கினால் ஓட இடம் ஏது?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் டர்பைன் சக்கரத்தைப் பெரிய விஞ்ஞான அதிசயமாக நாம் மதிக்கிறோம். அதன் வம்சாவளியைப் பார்த்தால், தெற்குப் பிரான்ஸில் மாவரைத்த படுக்கைச் சக்கரங்களில்தான் போய் நிற்கிறது. துலூஸ் நகரத்துத் திரிகைகளை எஞ்சினீயர்கள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வழியில்தான் 1827-இல் பூர்னேரோன் என்பவர் தம்முடைய முதல் டர்பைனை ஓட்டிக் காட்டினார். எழுபதே வருஷத்தில், 1897-இல், டார்ஜிலிங் அருகே ஸித்ராபோங்கில் இந்தியாவின் முதல் நீர்மின்சார நிலையம் ஏற்பட்டது. ஆகவே கராட்டின் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ள வந்தவன் அந்நியன் அல்ல. சீமையில் படித்துவிட்டு வந்த அதன் பேரப்பிள்ளைதான்.

பேரன்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள். டேராடூனைச் சேர்ந்த அனில் பிரகாஷ் ஜோஷி 'ஹெஸ்கோ' என்ற ஸ்தாபனத்தின் மூலம் பழைய கராட்டுகளைச் சீர்திருத்துவதையே ஒரு பெரிய காரியமாக எடுத்துக்கொண்டு செய்தார். 2006-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தார்கள். நேபாளத்தில் சுமார் 25,000 கட்டாக்கள் இருப்பதாக ஒரு மதிப்பு. அங்கே 2003 முதல் சர்க்காரும் கிராமத் தொழில்நுட்ப நிலையமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான திரிகைகளில் மர இலைச் சக்கரத்தை எடுத்துவிட்டுக் கிண்ணம் போலக் குழிந்த இரும்பு இலைச் சக்கரத்தைப் பொருத்தின. தண்ணீர் அதேதான், அரைவை மட்டும் இரண்டு மடங்கு. இன்னும் கொஞ்சம் செலவு செய்தால் அதே அச்சில் பட்டை மாட்டி நெல் குத்தலாம், எண்ணெய் ஆட்டலாம், இருட்டிய பிறகு நாலு வீட்டுக்கு விளக்கு எரிக்கலாம். பெரிய அணைகளைப் போல இதைத் திறந்து வைக்க மந்திரிகள் வருவதில்லை. வந்தாலும் குடிலுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கும். அது அவர்களுக்கு வழக்கம் இல்லை.

கல் கொத்துவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்று சமோலி அம்மாள் சொன்னாள். நம் ஊர்த் தெருக்களில் 'அம்மி கொத்தலையோ' என்று கூவிக்கொண்டு போன குரல் எப்போது நின்றது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? அங்கேயும் அப்படித்தான். கல்லின் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் தானியம் நழுவும், மாவு விழாது. உளியைப் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடுகள் இழுக்க வேண்டும். கோட்டின் ஆழமும் சரிவும் கை அறிந்த விஷயம். அவள் புருஷனுக்குத் தெரிந்திருந்தது. மகன் தில்லியில் ஓர் ஓட்டலில் வேலையாக இருக்கிறானாம்.

டேராடூனுக்குத் திரும்பியதும் ஒரு பெரிய கடையில் 'கராட் மாவு' என்று அச்சிட்ட பை ஒன்றைப் பார்த்தேன். மண்டுவா மாவுதான். பக்கத்தில் இருந்த சாதாரண கோதுமை மாவைப் போல இரண்டு பங்குக்கு மேல் விலை. பட்டணத்து டாக்டர்கள் சிறுதானியம் சாப்பிடச் சொல்லிவிட்டதால் நல்ல கிராக்கி என்றார் கடைக்காரர். பையின் மேல் அழகான வர்ணப் படம் போட்டிருந்தார்கள்: ஓடை, பைன் மரங்கள், பனிச்சிகரம், ஓடைக்கரையில் ஒரு குடில். குடிலின் பக்கச் சுவரில், சீமைச் சித்திரங்களில் இருப்பது போல, ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.